கியூ நீண்டால் சேர்வர் கூடவும், வடிந்தால் குறையவும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகள் காலையில் புறப்பட்டு, பெரும்பாலும் மதியத்துக்குள் திரும்பிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுபோகும். இந்தப் படகுகளில் போகிறவர்கள் நீருக்கடியில் எடுத்த படங்களை அன்றைக்கே திருத்திக் கொடுக்கும் ஒரு சின்னச் சேவையைத் திருகோணமலையில் இரண்டு மூன்று பேர் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படகு கரைக்கு வந்ததும் படங்கள் ஏற்றப்படும். ஒவ்வொன்றிலும் நீலச் சாயலைக் குறைத்து, மூன்று அளவுகளில் வெட்டி, எல்லாம் முடிந்ததும் இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். நண்பகலில் ஆயிரக்கணக்கில் படங்கள், இரவில் ஒன்றுமே இல்லை.

நண்பகலுக்குத் தேவையான அளவு சேர்வர்களை நாள் முழுக்க ஓடவிட்டால் டொலரில் வரும் பில் தாங்காது. ஒரே ஒரு சேர்வரை வைத்தால், மத்தியானம் கொடுத்த படம் மாலையில்தான் கிடைக்கும். அதற்குள் பயணி பஸ் ஏறிவிடுவார். வேலைகளைக் கியூவில், அதாவது அவை வரிசையாகக் காத்திருக்கும் இடத்தில் போட்டு, அதன் நீளத்தைப் பார்த்துச் சேர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைப்பதுதான் இதற்கு வழி.

கோணேசபுரி வளாகத்தில் படித்துக்கொண்டிருப்பவர்கள், வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யத் தொடங்கியவர்கள், இப்படியொன்றை முதல் தடவை கட்ட உட்காருபவர்கள் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். விளக்கத்துக்கு அமேசனின் சேவைகளை எடுத்துக்கொள்கிறேன்: கியூவுக்கு எஸ்கியூஎஸ், சேர்வருக்கு ஈசி2, கோப்புக்கு எஸ்3, கண்காணிப்புக்குக் கிளவுட்வொட்ச். மற்ற இடங்களில் பெயர்கள் மாறும், வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேலிங் விதியை, அதாவது எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை, எழுதுவது கடைசி வேலை. எந்தச் சேர்வரை எந்த நொடியில் நிறுத்தினாலும் ஒரு படமும் தொலையாது என்ற நிலைக்கு முதலில் வாருங்கள். சேர்வரைக் கூட்டுவதில் ஆபத்து குறைவு. குறைக்கும்போதுதான் பாதி வேலையில் இருக்கும் சேர்வர் அணைக்கப்பட்டு, வாடிக்கையாளரின் படம் காணாமல் போகும்.

இது உங்களுக்குத் தேவையா

ஒவ்வொரு வேலையும் சில விநாடிகளில் முடிகிறது, பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை என்றால் சேர்வரே வேண்டாம். எஸ்கியூஎஸ் கியூவை, சேர்வர் வைக்காமலே நிரலை ஓட்டித் தரும் லம்டா என்ற சேவையுடன் இணைத்தால் கூட்டுவதையும் குறைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு 15 நிமிடம் என்பது அதன் உச்ச வரம்பு. வேலை நீளமானது, கனமான நூலகங்கள் வேண்டும், ஜிபியு வேண்டும் என்றால் சொந்தச் சேர்வர்கள் பக்கம் வரலாம். நம்முடைய படத்திருத்தத்துக்கும் கனமான ஒரு மொடல் தேவைப்படுகிறது என்று கொள்வோம்.

கியூவைச் சரியாக அமையுங்கள்

கியூவில் போடும் ஒவ்வொரு வேலைக்குறிப்பும் ஒரு மெசேஜ். படத்தையே அதற்குள் திணிக்காதீர்கள். படம் எஸ்3இல் இருக்கட்டும். மெசேஜில் அதன் முகவரியும், படகின் அடையாள எண்ணும், வாடிக்கையாளரின் அடையாள எண்ணும் போதும்.

எஸ்கியூஎஸ் கொடுக்கும் மெசேஜை ஒரு வேர்க்கர் (சேர்வரில் ஓடி வேலையைச் செய்யும் நிரல்) எடுத்ததும் அது அழிந்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் மற்றவர்களின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். இந்த நேரத்துக்கு விசிபிலிட்டி டைம்அவுட் என்று பெயர். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 30 விநாடி. அதிகபட்சம் 12 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் வேலையை முடித்து, மெசேஜை நீங்களே அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அது மறுபடி வெளியே வந்து இன்னொரு வேர்க்கரின் கைக்குப் போகும். ஒரு வேர்க்கர் செத்துப்போனாலும் வேலை தொலையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

புதியவர்கள் பலர் இடறுகிற இடமும் இதுதான். ஒரு படத்துக்கு 4 விநாடி, டைம்அவுட் 30 விநாடி, தாராளம் என்று தோன்றும். ஆனால் எஸ்கியூஎஸ்ஸில் ஒரே தடவையில் 10 மெசேஜ் வரை எடுக்கலாம். பத்தையும் எடுத்து ஒவ்வொன்றாகச் செய்தால் 40 விநாடி. கடைசி இரண்டு மூன்று படங்களுக்கு நேரம் கடந்து, அவை இன்னொரு வேர்க்கரிடம் போய், இரண்டு தடவை வேலை நடக்கும். டைம்அவுட்டை 120 விநாடி என்று வையுங்கள். நீளமான வேலை என்றால், செய்துகொண்டிருக்கும்போதே நேரத்தை நீட்டிக் கேட்கும்படி நிரலை எழுதுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சாதாரணக் கியூவில் ஒரு மெசேஜ் இரண்டு தடவை வரக்கூடும். குறைந்தது ஒரு தடவை வந்து சேரும் என்பதுதான் அதன் உறுதி. ஆகவே ஒரே வேலையை இரண்டு தடவை செய்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். திருத்திய படத்தின் பெயரை மூலப்படத்தின் அடையாள எண்ணிலிருந்தே உருவாக்கினால், இரண்டாம் தடவை எழுதும்போது அதே கோப்பின் மேல்தான் எழுதப்படும், பிரச்சினை இல்லை. வட்ஸ்அப் செய்தி அப்படி இல்லை, இரண்டு தடவை போனால் வாடிக்கையாளருக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். குறிப்பு ஏற்கெனவே இருந்தால் அனுப்பாமல் விடுங்கள்.

இன்னும் மூன்று அமைப்புகள் உண்டு. லோங் போலிங்கை, அதாவது மெசேஜ் வரும்வரை கியூவிடம் காத்திருக்கும் நேரத்தை, 20 விநாடி என்று வையுங்கள். கியூ காலியாக இருந்தால் வேர்க்கர் 20 விநாடி காத்திருந்துவிட்டுத் திரும்பக் கேட்கும், ஒரு நாளைக்கு 4,320 கேள்வி. இதை வைக்காமல் விநாடிக்குப் பத்துத் தடவை கேட்கும் நிரலை எழுதினால் ஒரு நாளைக்கு 8,64,000 கேள்வி. மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 10 இலட்சம், இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். அடுத்தது டெட் லெட்டர் கியூ. ஐந்து தடவை முயன்றும் முடியாத மெசேஜை அங்கே ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழுதான ஒரு படம் சுற்றிச் சுற்றி வந்து சேர்வர்களை வீணாக உழைக்க வைக்கும். மூன்றாவது, மெசேஜ் தங்கும் காலம். சும்மா விட்டால் 4 நாள், அதிகபட்சம் 14 நாள். டெட் லெட்டர் கியூவுக்கு 14ஐயே கொடுங்கள், ஏனென்றால் சாதாரணக் கியூவில், மெசேஜ் அங்கே மாற்றப்பட்டாலும் அந்தக் கணக்கு அது முதன்முதலில் வந்த நேரத்திலிருந்தே ஓடும்.

நிறுத்தினால் ஒழுங்காக நிற்கும் வேர்க்கர்

சேர்வரை அணைக்கும்போது இயங்குதளம் உங்கள் நிரலுக்கு சிக்டெர்ம் என்ற சமிக்ஞையை அனுப்பும். அது வந்ததும் வேர்க்கர் புதிய மெசேஜ் எடுப்பதை நிறுத்த வேண்டும், கையிலுள்ள படத்தை முடித்து மெசேஜை அழிக்க வேண்டும். எடுத்து வைத்து இன்னும் தொடாத மெசேஜ்கள் இருந்தால் அவற்றின் டைம்அவுட்டைப் பூச்சியமாக்கி உடனே கியூவுக்குத் திருப்பிவிட வேண்டும். அப்புறம் வெளியேறலாம்.

லினக்ஸில் நிரல்களைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம்டி மூலம் ஓட்டினால் இதற்கு வழக்கமாக 90 விநாடி கிடைக்கும், நிரலைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டொக்கரை நிறுத்தும்போது 10 விநாடிதான். அதற்குமேல் ஆனால் பலவந்தமாகக் கொன்றுவிடும். உங்கள் வேலையின் நீளத்தைப் பார்த்து இந்த எண்களை மாற்றிவையுங்கள்.

இதைக் கையால் சோதியுங்கள். நூறு பழைய படங்களைக் கியூவில் போட்டு, இரண்டு சேர்வரை ஓடவிட்டு, நடுவில் ஒன்றை அணையுங்கள். நூறும் வந்தனவா என்று எண்ணுங்கள். அடுத்த தடவை சிக்டெர்ம் அனுப்பாமல் பட்டென்று கொல்லுங்கள். அப்போதும் நூறு வர வேண்டும், கொஞ்சம் தாமதமாக. வராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கையால் ஒன்றை அணைக்கும்போது தொலைவது, சேர்வர்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஓட்டோ ஸ்கேலிங் தினமும் அணைக்கும்போது தினமும் தொலையும்.

அச்சும் குழுவும்

தேவையான எல்லாவற்றையும் நிறுவிய ஒரு சேர்வரை இமேஜாக, அதாவது புதிய சேர்வர்களை வார்க்கும் அச்சாக, எடுத்து வையுங்கள். ஒவ்வொரு புதிய சேர்வரும் எழும்போது மென்பொருளைப் பதிவிறக்கி நிறுவிக்கொண்டிருந்தால் பல நிமிடம் அதிலேயே போய்விடும், பதிவிறக்கும் தளம் அன்று விழுந்து கிடந்தால் ஒன்றுமே எழாது. சேர்வருக்குள் கடவுச்சாவி எதையும் எழுதி வைக்காதீர்கள், எதைத் தொடலாம் என்ற அனுமதியைச் சேர்வருக்குத் தரும் ஐஏஎம் ரோல் ஒன்றைக் கொடுங்கள். அந்த ரோலுக்கு இந்தக் கியூவையும் இந்த எஸ்3 இடத்தையும் தவிர வேறெதையும் தொட அனுமதி வேண்டாம்.

எந்த இடத்தில் வைப்பது? இலங்கையில் அமேசனுக்கு ரீஜியன், அதாவது சேர்வர் நிலையங்கள் உள்ள வட்டாரம், இல்லை. மும்பை, ஹைதராபாத், சிங்கப்பூர் மூன்றும் நடைமுறையில் நல்ல தெரிவுகள். விலையையும், உங்கள் இணைப்பிலிருந்து படம் ஏறும் வேகத்தையும் பார்த்து ஒன்றைத் தெரியுங்கள். கியூ, எஸ்3, சேர்வர் மூன்றும் ஒரே ரீஜியனில் இருக்கட்டும்.

பிறகு புதிய சேர்வர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் லோஞ்ச் டெம்ப்ளேட், அதிலிருந்து ஓட்டோ ஸ்கேலிங் குழு. குறைந்தபட்சம் 1, அதிகபட்சத்தை இப்போதைக்கு 2 என்று வையுங்கள். கணக்குப் போட்ட பிறகு மாற்றலாம்.

எதைப் பார்த்துக் கூட்டுவது

எல்லோர் கையும் முதலில் சிபியு அளவுக்குத்தான் போகும். கியூ வேலைக்கு அது சரிவராது. வேர்க்கர் படத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, கியூவில் 5 படம் இருந்தாலும் 5,000 இருந்தாலும் சிபியு 100 சதவீதம்தான். எஸ்3இலிருந்து படம் வரக் காத்திருந்தால், கியூ மலைபோல் குவிந்திருந்தாலும் சிபியு 20 சதவீதத்தில் தூங்கும்.

கியூவின் நீளமும் தனியாகப் போதாது. 2022இல் எரிபொருளுக்கு நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முன்னால் எத்தனை வாகனம் என்பதை மட்டும் வைத்து எப்போது வீடு போவோம் என்று சொல்ல முடியாது, எத்தனை பம்பு ஓடுகிறது, ஒரு வாகனத்துக்கு எவ்வளவு நேரம் என்பதும் தெரிய வேண்டும். இங்கேயும் பார்க்க வேண்டியது ஒரு வேர்க்கருக்கு எத்தனை மெசேஜ் பாக்கி என்பதைத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 20 படகு, படகுக்கு 150 படம், மொத்தம் 3,000. ஒன்றுக்கு 4 விநாடி என்றால் 12,000 விநாடி வேலை. ஒரே வேர்க்கருக்கு 3 மணி 20 நிமிடம். படகுகள் இரண்டு மணித்தியாலத்தில் பரவலாக வந்தால் 7,200 விநாடிக்குள் 12,000 விநாடி வேலை, இரண்டு வேர்க்கர் போதும். ஆனால் எல்லாம் 15 நிமிடத்துக்குள் வந்து குவிந்தால், கியூ நீளாமல் இருக்க 14 வேர்க்கர் வேண்டும். அவ்வளவு தேவையா? வாடிக்கையாளர் 10 நிமிடம் காத்திருக்கச் சம்மதம் என்றால் எல்லாவற்றையும் 25 நிமிடத்துக்குள் முடித்தால் சரி. 12,000ஐ 1,500ஆல் வகுத்தால் 8 வேர்க்கர். பத்து நிமிடப் பொறுமை ஆறு சேர்வரை மிச்சப்படுத்துகிறது. அதனால் எவ்வளவு தாமதம் பரவாயில்லை என்பதை நிரலை எழுதுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கான பதில் படகுக்காரர்களிடம்தான் இருக்கிறது.

இதையே விதியாக மாற்றுவது சுலபம். பொறுக்கக்கூடிய தாமதம் 600 விநாடி, ஒரு படத்துக்கு 4 விநாடி. 600ஐ 4ஆல் வகுத்தால் 150. ஒரு வேர்க்கருக்கு 150 மெசேஜுக்கு மேல் பாக்கி இருந்தால் ஆள் போதாது என்று அர்த்தம்.

ஆனால் 150 என்பது காகிதக் கணக்கு. ஸ்கேலிங் விதி விழித்துக்கொள்ள வழக்கமாக மூன்று நிமிடம் தொடர்ந்து அளவு தாண்ட வேண்டும். புதிய சேர்வர் எழுந்து முதல் படத்தைத் தொட இன்னும் மூன்று நிமிடம் என்று வைத்தால், பத்தில் ஆறு போய்விட்டது. மீதி 240 விநாடி, அதை 4ஆல் வகுத்தால் 60. அந்த 60ஐத்தான் இலக்காக வைப்பேன். உச்ச எண்ணிக்கைக்கும் இதே கழிவு உண்டு: 25 நிமிடத்தில் 6 போனால் 1,140 விநாடி, 12,000ஐ அதால் வகுத்தால் 11 வேர்க்கர் வரும். அதிகபட்சத்தை 12 ஆக்குங்கள். இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம், உங்கள் சேர்வர் எழுவதைக் கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள்.

அமைக்கும்போது, ஓர் அளவை இலக்கின் அருகே வைத்திருக்கும் டார்கெட் ட்ரக்கிங் விதியைத் தெரிவுசெய்து, அதில் அளவுகளைக் கணக்கிடும் மெட்ரிக் மத் மூலம் இரண்டு எண்களை வகுக்கச் சொல்லுங்கள். மேலே அப்ரொக்சிமேட் நம்பர் ஒஃப் மெசேஜஸ் விசிபிள், அதாவது காத்திருக்கும் மெசேஜ்களின் எண்ணிக்கை. கீழே குரூப் இன் சேர்விஸ் இன்ஸ்டன்சஸ், அதாவது வேலையில் இருக்கும் சேர்வர்கள். இரண்டாவது அளவு தானாக வராது, குழுவின் அளவீடுகளைச் சேகரிக்கும்படி நீங்கள் இயக்கிவிட வேண்டும். ஒரு சேர்வரில் இரண்டு வேர்க்கர் ஓடினால் இலக்கை இரட்டிப்பாக்குங்கள்.

அதிகபட்சத்தைக் கூட்டும் முன் டேட்டாபேஸையும் நினைத்துப்பாருங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் வழக்கமாக 100 இணைப்புகளை ஏற்கும். 12 வேர்க்கர், ஆளுக்குப் பத்து இணைப்பு என்றால் 120. சேர்வர் கூடக் கூட முழுச் சேவையும் விழுந்துபோகும்.

பூச்சியத்துக்கு இறக்குவதா

இரவில் ஒரு சேர்வரும் வேண்டாம், பூச்சியமாக்கலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பூச்சியத்தால் வகுக்க முடியாது. சேர்வரே இல்லாதபோது மேலே சொன்ன அளவு ஒரு எண்ணாகவே வராது, விதி எழாது. கியூவில் ஒரு மெசேஜ் வந்தாலும் ஒரு சேர்வரை எழுப்பும் தனி அலாரம் தேவை.

இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது. ஆறு மணித்தியாலமாக மெசேஜும் இல்லாமல், யாரும் தொடாமலும் கிடக்கும் கியூவைச் செயலற்றதாகக் கருதி, கிளவுட்வொட்சுக்கு அளவு அனுப்புவதை எஸ்கியூஎஸ் நிறுத்திவிடும். மறுபடி உயிர்பெறும்போது அளவுகள் வர 15 நிமிடம் வரை தாமதமாகலாம். இரவு முழுக்க ஒரு வேர்க்கரும் கேட்கவில்லை என்றால், காலையில் முதல் படகு கொடுத்த படங்கள் கால் மணித்தியாலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கக்கூடும்.

அதனால் பருவகாலத்தில் நேரத்தை வைத்தே எழுப்புங்கள். ஓட்டோ ஸ்கேலிங்கில் அட்டவணை வைக்கலாம்: காலை 10.30க்குக் குறைந்தபட்சம் 2, இரவு 8 மணிக்குப் பூச்சியம். அட்டவணை சும்மா விட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். நம்முடைய 10.30 அங்கே 5.00. நேரவலயத்தில் ஏசியா கொழும்பு என்று குறிப்பிட்டுவிட்டால் குழப்பம் இல்லை. இரவு 8 மணிக்குப் பிறகு யாராவது படம் ஏற்றினால் அந்தத் தனி அலாரம் பார்த்துக்கொள்ளும், கொஞ்சம் பிந்தினாலும்.

குறைக்கும்போது

டார்கெட் ட்ரக்கிங் கூட்டுவதில் அவசரப்படும், குறைப்பதில் நிதானமாக வழக்கமாக 15 நிமிடம் பார்த்திருக்கும். அது நல்லது. அதை அவசரப்படுத்த முயலாதீர்கள். கியூ வடிந்து மறுபடி நிறையும் நேரங்களில் சேர்வர்கள் அணைவதும் எழுவதுமாக அலைக்கழியும்.

நாம் பார்ப்பது காத்திருக்கும் மெசேஜ்களை மட்டும்தான். வேர்க்கர்களின் கையில் இருப்பவை இந்த எண்ணில் இல்லை. நாலு விநாடி வேலைக்கு இது பொருட்டல்ல. ஆனால் அரை மணித்தியாலம் பிடிக்கும் காணொளி வேலை என்றால், கியூ பூச்சியம் காட்டும், எல்லாச் சேர்வரும் கழுத்தளவு வேலையில் இருக்கும், விதியோ அவற்றை அணைக்கப் பார்க்கும். அப்படிப்பட்ட வேலைக்கு, மெசேஜை எடுத்ததும் வேர்க்கர் தன் சேர்வருக்கு ஸ்கேல் இன் பாதுகாப்பை (குறைக்கும்போது அணைக்காதே என்ற குறியை) இட்டுக்கொண்டு, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். அணைக்கும் முன் காத்திருக்கச் சொல்லும் லைஃப்சைக்கிள் ஹூக் வைத்தும் அணைப்பைத் தள்ளிப்போடலாம். சும்மா விட்டால் ஒரு மணித்தியாலம் பொறுக்கும்.

ஸ்பொட் சேர்வர்கள், அதாவது அமேசன் மலிவாகக் கொடுத்து வேண்டும்போது திருப்பி எடுக்கும் சேர்வர்கள், இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம். சாதாரண விலையில் 90 சதவீதம் வரை கழிவு கிடைக்கக்கூடும், திருப்பி எடுக்கும்போது இரண்டு நிமிட முன்னறிவிப்பு வரும். நிறுத்தினால் ஒழுங்காக நிற்கும் வேர்க்கரை எழுதியிருந்தால் நாலு விநாடிப் படத்துக்கு இரண்டு நிமிடம் தாராளம். ஒரு சேர்வரைச் சாதாரண விலையில் வைத்து மற்றதெல்லாம் ஸ்பொட்டில் எடுப்பேன்.

பல சேர்வர்களில் நிரல்களைப் பகிர்ந்து ஓட்டும் குபெர்னெட்டிஸை ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்குக் கீடா என்ற கருவி இருக்கிறது. எஸ்கியூஎஸ், ரபிட்எம்கியூ, கஃப்கா போன்ற கியூக்களைப் பார்த்து பொட்களை (அங்கே நிரல் ஓடும் அலகுகளை) கூட்டும், பூச்சியத்துக்கும் இறக்கும். வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு தடவை கியூவைப் பார்க்கும், பூச்சியத்துக்கு இறக்கும் முன் 300 விநாடி பொறுக்கும். இரண்டு சேர்வர் மட்டும் உள்ளவர்கள் இதற்காகக் குபெர்னெட்டிஸ் படிக்கப் போக வேண்டாம்.

ஓடவிட்ட பிறகு

பருவம் தொடங்கும் முன் பழைய படங்கள் 3,000ஐ ஒரேயடியாகக் கியூவில் கொட்டி, வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். சேர்வர் எண்ணிக்கை 12ஐத் தொடுகிறதா, கியூ வடிந்த பிறகு இறங்குகிறதா, எண்ணிப் பார்த்தால் 3,000மும் வந்தனவா.

மூன்று அலாரம் வையுங்கள். மிகப் பழைய மெசேஜின் வயது 10 நிமிடத்தைத் தாண்டினால் ஒன்று. விதி சரியாக வேலை செய்தால் இது அடிக்கவே கூடாது. டெட் லெட்டர் கியூவில் ஒரு மெசேஜ் விழுந்தாலும் ஒன்று. மாதச் செலவு நீங்கள் வைத்த தொகையின் பாதியைத் தொடும்போது இன்னொன்று. லினக்ஸ் சேர்வருக்கு விநாடிக் கணக்கில்தான் பில், குறைந்தது ஒரு நிமிடம். ஆனால் இரவில் அணையாமல் நின்றுபோன பன்னிரண்டு சேர்வருக்கும் அதே கணக்குத்தான்.

நவம்பரில் படகுகள் ஓய்ந்ததும் அட்டவணையை நீக்கி, குறைந்தபட்சத்தைப் பூச்சியமாகவும் அதிகபட்சத்தை 2 ஆகவும் மாற்றுங்கள். பழைய இமேஜ்களுக்காகச் சேமித்து வைத்த பிரதிகளான ஸ்னாப்ஷொட்டுகளுக்கும் மாதாமாதம் காசு போகும், கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஏப்ரலில் நிரலின் நூலகங்களைப் புதுப்பித்து, புதிய இமேஜ் எடுத்து, நூறு படச் சோதனையையும் 3,000 படச் சோதனையையும் மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு அதிகபட்சத்தை ஏற்றுங்கள்.